எட்டாம் வகுப்பு ஆ பிரிவில் இருந்தவர்கள்

– எழுது, செல்வி. ‘முதல் பெஞ்சில் பவித்ரா, தாஹிரா, தேவதர்ஷினி. இரண்டாவதில் பிரபு, பிரிட்டோ. கடைசி பெஞ்சில், சுவரோரமாக மணிமாறன்.’

– ஏங்க, ஒரு மொட்டைக் கடுதாசிக்கு இம்புட்டு விவரமா? போஸ்டாபீசு வாசல்ல உக்காந்து எழுதுறதே மானக்கேடா இருக்கு.

– யாரு இருந்தா, எங்க உக்காந்திருந்தான்னு இருந்தாத்தான் கல்வி ஆபீசுல நம்புவாங்க. ஒருத்தரையும் விட்றாத. என் கையெழுத்து அங்க எல்லாருக்கும் தெரியும், இல்லேன்னா நானே எழுதிருவேன்.

– சரி, அந்தக் கீர்த்தனா டீச்சர் அப்படி என்ன பண்ணுச்சு?

– எழுது. ‘ஆங்கிலப் பாடவேளையில் இலக்கணம் நடத்தாமல், ஐந்து நாட்களாகக் கவிதை என்ற பெயரில் மேசையைத் தட்டிக் கூச்சல்.’

– என்ன கவிதை?

– ‘மை பஸ் இஸ் லேட், மை பஸ் இஸ் லேட், த ட்ரம்ஸ்டிக்ஸ் ஸ்லீப் அட் மார்க்கெட் கேட்.’ வத்தலக்குண்டு சந்தை முருங்கைக்காயெல்லாம் இங்கிலீஷ் கவிதையாம்!

– பெஞ்சைத் தட்டாதீங்க, எழுத்து ஆடுது.

– யாரு தட்டுனா?

– நல்லாத்தான இருக்கு. பிள்ளைங்க பேசுதுகளா?

– மணிமாறன் பேசுறான்.

– ஆறாப்பு, ஏழாப்பு ரெண்டு வருசமும் உங்ககிட்ட வாயே தொறக்காதவனா?

– எந்திரிச்சு நின்னு, அவனா ரெண்டு வரி சேத்துச் சொல்றான், செல்வி! இங்கிலீஷ்ல! இருபத்திரண்டு வருசமா சாக்பீஸ் தூளைத் தின்னவன் நானு. ஜூன் மாசம் வந்தவகிட்டப் போயி வாயத் தொறக்கிறான்.

– அது தற்காலிக டீச்சருங்க. இது போய்ச் சேந்தா வேலையே போயிரும்.

– போகட்டும். ‘இப்படிக்கு, ஒரு பெற்றோர்.’ முடி.

– முடிச்சாச்சு.

– குடு, ஒருவாட்டி பாத்துர்றேன்.

– கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டு, எதை வச்சுப் பாப்பீங்க? தபால்காரர் பெட்டியத் தொறக்க வாராரு பாருங்க.

– அப்ப ஒட்டு, சீக்கிரம். விலாசம் சரியா? போடு, போடு.

– போட்டுட்டேன். அந்தா, பையில அள்ளிட்டாரு.

– அப்பாடா. பேரு எதுவும் விட்டுப் போகலையே?

– நீங்க ஒண்ணை விட்டுட்டீங்க, நான் சேத்துட்டேன். சட்டைய ஊறப் போடுறப்ப பையில உங்க குட்டி நோட்டு கெடந்துச்சு. திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் தேதி போட்டு, நேரம் போட்டு வச்சிருக்கீங்க. அப்படியே எழுதிட்டேன்: ‘ஜன்னலுக்கு வெளியே, ஐந்து நாளும் பாடவேளை முடியும்வரை நின்று, கவிதையை வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டவர், ஆங்கில ஆசிரியர் ராயப்பராஜ்.’