ராக்கெட்டுக்கு ஒரு கும்பிடு

புதுக்கோட்டை பஸ்ஸில், திருமயத்தில் ஏறி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவள், டிக்கெட் வாங்கிய கையோடு சொன்னாள்: "லீவுக்கு ஸ்ரீஹரிகோட்டா வரைக்கும் போயி, நான் மட்டும் ராக்கெட்டப் பாக்கலக்கா."

"ஏன், மழையா?"

"நல்ல வெயிலு. பத்து, ஒம்பதுன்னு எண்ணிக்கிட்டே வந்தாங்க. நெருப்பு தெரிஞ்சதும், தீபாராதனைக்கு மூடுற மாதிரி கண்ணு தானா மூடிக்கிருச்சு. கும்பிட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டுத் தொறந்தா, வெறும் பொகைதான் நிக்கிது."

"என்னத்தடி வேண்டுன?"

"நல்லபடியாப் போயிச் சேரணும்னுதான்."

"சேந்துச்சா?"

"சேந்துருச்சாம்."

"பெறகென்ன. ஒன் வீட்டுக்காரரு போன்ல வீடியோ எடுத்திருப்பாருல்ல, அதுல பாரு."

"எடுத்தாரு. முழுக்க நான் கண்ண மூடிக்கிட்டு நிக்கிறதுதான் இருக்கு. ராக்கெட்டு ஒரு மூலையிலகூட இல்ல."

அவர்களுக்கும் முந்திய சீட்டில் ஒருவர் தலையைச் சாய்த்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். கணவர் போலிருக்கிறது. திரும்பாமலே சொன்னார்:

"ராக்கெட்டத்தான் எல்லா டிவியிலயும் போடுறாங்க. ஒன்னைய எவன் போடுவான்?"