தெருவே ஏன் ஓட்டை மாத்துச்சு

எழுதறத நிறுத்தும்மா முதல்ல. கட்சியில இருந்துதான் வர்றேன்னு நீ சொல்ற, நான் எப்படி நம்பறது? சலவைக் கம்பெனிக்காரன் அனுப்பியிருந்தா? சரி, அட்டையைக் காட்டற. அட்டை யாரு வேணா அடிக்கலாம். வாசல்லயே நில்லு.

தெருவே ஏன் ஓட்டை மாத்துச்சுன்னு கேக்கற. இருபத்திரண்டு வருஷம் உங்க கட்சிக்குத்தான் குத்தினேன். எங்க வீட்டுக்காரர்தான் கிளைச் செயலாளரா இருந்தாரு. நம்ம மண்ணு, நம்ம தொழிலாளின்னு தொண்டை கிழியப் பேசின கட்சி. அப்புறம் வெளிநாட்டு ஆளுங்க வந்தாங்க. ஆஸ்பத்திரித் துணியெல்லாம் நாங்கதான் வெளுக்கறது. இஸ்திரி மிஷின்ல எனக்கு எதிர்ல அவங்கள்ல ஒருத்திய நிறுத்தினாங்க, ஒல்லின்னு கூப்பிடுவோம். அவளுக்குப் பாதிச் சம்பளம். அவங்களும் தொழிலாளிதான்னுச்சு கட்சி. அப்ப நாங்க யாரு? கட்சி மேல சந்தேகம் வராதா, சொல்லு.

ஆமா, அந்த ஸ்டிரைக்தான். ஆள் குறைக்கக் கூடாதுன்னு பதினோரு நாள் கம்பெனி கேட்டு முன்னாடி கெடந்தோம், ஒல்லியும்தான். பன்னெண்டாம் நாள் காலையில உள்ள மிஷின் ஓடுதாம். கருங்காலி யாருன்னு ஒருத்தனும் விசாரிக்கல. வெளிநாட்டு ஆளுங்கதான்னு எவனோ சொன்னான், தெருவே சொல்லுச்சு. கட்சி அவங்க இல்லைன்னு நோட்டீஸ் அடிச்சுது. கடுப்புல எங்க வீட்டுக்காரரே உறுப்பினர் அட்டையக் கிழிச்சுட்டாரு. எல்லைய மூடறோம்னு வந்தவங்களுக்கு எல்லாரும் போய்க் குத்தினாங்க.

ஒல்லியா? ஜன்னல ஒடச்சாங்க, வீட்டைக் காலி பண்ணிட்டா. போறப்போ இங்க வந்தா. அக்கா, நான் உள்ள போகலன்னு நீங்களாவது நம்பறீங்களான்னா. நம்பறேன்னேன். வெளியில வந்து சொல்லுங்கன்னா. கதவச் சாத்திட்டேன்.

எப்படி நம்பினேனா? மிஷின் ஓடினதுக்கு முந்தின நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டாரு. ஆள் குறைக்கற பட்டியல்ல உன் பேருதான் முதல்ல, வந்து மிஷினப் போட்டா பேர அடிச்சிடறேன்னாரு. எனக்கு அம்பத்தி மூணு வயசு, வேற எவன் வேலை குடுப்பான்? தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு இவருகிட்ட சொல்லிட்டு, பின்பக்கமா போய் நான்தாம்மா சுவிட்சப் போட்டேன்.

இவரு வர்ற நேரம். நீ கெளம்பு.