கேப்டனின் முடிவு

எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரிக்குப் போக வேண்டும், பஸ்ஸில் மூன்று மணி நேரம். அதனால்தான் திருவண்ணாமலைக்காரன் ஒருவன் நீர்மூழ்கிக் கப்பலை வைத்து டிவி தொடர் எடுக்கிறான் என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். நேற்று நீங்களும் லேசாகச் சிரித்தீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். பரவாயில்லை.

என் பெயர் கலையரசன். ‘கடலடி’ தொடரை எழுதி இயக்கியவன். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு துறைமுக நகரத்தின் மேல் ஏவுகணை வீசச் சொல்லி நீர்மூழ்கி ஒன்றுக்கு உத்தரவு வருகிறது. கேப்டன் மறுக்கிறார். மாலுமிகள் பதினொரு பேரும் அவர் பக்கம் நிற்கிறார்கள். அன்றிலிருந்து சொந்தக் கடற்படையே அவர்களைத் துரத்துகிறது. ஒன்பதாவது வாரம் எஞ்சின் செத்து, கப்பல் கடல் தரையில் போய் உட்கார்ந்தது. பத்தாவது வாரம் அதே நேரத்தில் ஒரு சமையல் நிகழ்ச்சி வந்தது.

சேனலிலிருந்து எனக்கு யாரும் சொல்லவில்லை. டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சென்னைக்குப் போய் அவர்கள் வரவேற்பறையில் ஆறு நாள் உட்கார்ந்தேன். ஏழாவது நாள் செக்யூரிட்டி என்னை கேட்டுக்கு வெளியே உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

திரும்பி வந்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பன்னிரண்டு பேரும் இருட்டில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காற்று குறைந்துகொண்டே வந்தது. யாரிடம் சொல்ல முடியும் இதை? கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற காசியம்மாள் ஒருத்திதான் கேட்டாள்.

“அந்தக் கேப்டன் இருக்கானா, பூட்டானா? ஒண்ணுமே காட்டாம நிறுத்திட்டாங்களே.”

எழுதிய எனக்கே பதில் தெரியவில்லை. அவளிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் பஸ் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

செட் அப்போதும் கீழ்பென்னாத்தூருக்கு வெளியே, மூடிக் கிடந்த கடலை எண்ணெய் மில்லில்தான் இருந்தது. அதில் கப்பலுக்குள் தண்ணீர் புகுகிற காட்சிக்காக ஓர் இரும்பு அறை. வெல்டிங் வேலை சாந்த் பாஷா பாய். கேமராவுக்காக ஒரு பக்கம் தடித்த கண்ணாடி. கிணற்று மோட்டாரைப் போட்டால் தண்ணீர் ஏறும். மார்பளவு வந்ததும் ஒரு குழாய் வழியாக வெளியே போய்விடும். கதவை உள்ளிருந்தும் திறக்கக் கைப்பிடி வைத்திருந்தார். “கப்பல் பொய் சார். உள்ள நிக்கிறவன் உசுரு நெஜம்,” என்பார்.

ஞாயிற்றுக்கிழமை செட்டைப் பிரிக்க ஆள் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் வரும்படி செழியனைக் கூப்பிட்டேன். கேப்டனாக நடித்தவன் அவன்தான். ஒரே காட்சி, முடிவை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வோம், கேமராவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மறுக்கவில்லை. சென்னையிலிருந்து காலை பஸ்ஸில், சீருடையைத் தானே இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு வந்தான்.

மதியம் சாந்த் பாஷா பாயை லைட்டுக்கு பல்பு வாங்கி வர டவுனுக்கு அனுப்பினேன். அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் போனவர் சாயங்காலத்துக்குள் திரும்ப முடியாது.

செழியன் உள்ளே போகுமுன் கேட்டான். “இதை யாருண்ணே பாக்கப் போறாங்க?”

“நான் பாப்பேன்.”

“சரிண்ணே. உங்களுக்காகத்தான் வந்தேன். சீக்கிரம் முடிச்சிடலாம். திங்கக்கெழம புது சீரியல்ல சேர்றேன். வக்கீல் வேஷம்.”

அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் நான் நிதானம் இழந்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். கேப்டன் கடலடியில் கிடக்கும்போது அதே முகம் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டில் பேசும். அது எப்படிச் சரியாகும்?

மோட்டாரைப் போட்டேன். இடுப்பளவு வரை வசனத்தை அழகாகச் சொன்னான். மார்பளவு வந்ததும் குழாய் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு கதவுக்குப் போய்த் தடவினான். “போதும்ணே” என்று அவன் உதடு சொன்னது. கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினான். ஒன்பது வாரமாக நான் கேட்டும் வராத ஒன்று அவன் முகத்தில் அப்போது வந்தது. ஃபோகஸ் விலகாமல் பார்த்துக்கொண்டேன். தண்ணீருக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

பாய் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். கிரிவலக் கூட்டத்துக்காகப் பாதி வழியிலேயே போலீஸ் வண்டியைத் தடுத்துத் திருப்பிவிட்டார்களாம்.

“சார், மோட்டார நிறுத்துங்க. ஆள் அசையல சார்.”

“ஷாட் போயிட்டிருக்கு பாய். கொஞ்சம் இருங்க.”

அவர் என்னைத் தள்ளிவிட்டு, கடப்பாரையால் கண்ணாடியை உடைத்தார். தண்ணீரோடு செழியனும் எங்கள் காலடியில் வந்து விழுந்தான். பாய் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் அழுத்தினார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள்தான் அவர் கையைப் பிடித்து விலக்கினார்கள்.

இப்போது அவர் உங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்து, தான் செய்த கதவுதான் கொன்றுவிட்டது என்று அழுகிறார். நேற்று நான் அதற்குத் தலையாட்டினேன். அது தவறு. அவர் வேலையில் குறை இல்லை. உள்பக்கக் கைப்பிடியை வியாழக்கிழமை நான் கழற்றினேன். குழாயை அன்றைக்கே சிமென்ட் வைத்து அடைத்து, நன்றாகக் காயவிட்டேன். வாங்கி வரச் சொன்ன பல்பு செட்டிலேயே நாலு இருந்தது. வக்கீல் வேஷத்தைப் பற்றி அந்த வியாழக்கிழமை எனக்கு ஒன்றும் தெரியாது. செழியனை நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. மெமரி கார்டை அவன் அம்மாவுக்குக் காட்டவே கூடாது என்கிறீர்கள். ஒன்பது வாரமும் ஒரு நாள்கூட விடாமல் பார்த்தவர் மேடம் அவர். முடிவைப் பார்க்க ஆசை இருக்காதா?