ஒடெல் ப்ரூயிட்டின் பெயர்ப்பட்டையில் சிவப்புப் புள்ளி ஒட்டப்பட்ட நேரம் குறித்து

என் பெயர் வெர்னன் ஷிமான்ஸ்கி. தகப்பனார் பெயர் காசிமிர் ஷிமான்ஸ்கி, காலமாகிவிட்டார். வயது 61. ஒஹையோ மாநிலம் டொலீடோ நகரம் லக்ராஞ்ச் தெருவில் என் மனைவி டார்லீனுடன் குடியிருந்து வருகிறேன். டொலீடோ ஹெரன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் அலுவலகத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தேன். பார்த்து வருகிறேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் சென்ற ஜூலை மாதம் 14ஆம் தேதியிலிருந்து என் சாவி அட்டை வாசல் கதவில் வேலை செய்யவில்லை. ஏன் என்று யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் இல்லை. மேற்படி அணியில் எட்டு வருடம் ஆடிய ஒடெல் ப்ரூயிட், தன் கழுத்துக் காயத்துக்கு அணி நிர்வாகமே பொறுப்பு என்று தொடுத்திருக்கும் வழக்கில் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல, நானாக முன்வந்து இந்த வாக்குமூலம் கொடுக்கிறேன்.

எனக்கு வேலை, ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் அறையில் உள்ள பலகையைப் பராமரிப்பது. அந்த அறையின் சுவர் இரும்புத் தகடு. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் விரல் நீளத்தில் ஒரு காந்தப் பட்டை உண்டு, அதில் பெயர், உயரம், எடை, வயது இருக்கும். இடது சுவரில் எங்கள் ஆட்கள், வலது சுவரில் டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுக்கும் தேர்வுக்கு, வரும் கல்லூரிப் பிள்ளைகள். பெயருக்குப் பக்கத்தில் நிறப் புள்ளி ஒட்டுவோம். பச்சை என்றால் ஒப்பந்தத்தை நீட்டிக்கலாம். மஞ்சள் என்றால் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால் இருக்கட்டும். சிவப்பு என்றால் உடம்பு போய்விட்டது. ஒட்டுவதும் பிரிப்பதும் நான், முடிவு எடுப்பது நானில்லை. அந்தச் சுவருக்குக் காவல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்பு, டிராஃப்ட் நாளில், ஒரு பையனின் பட்டையில் இருந்த சிவப்புப் புள்ளி வெந்நீர்க் குழாய்ச் சூட்டில் பசை காய்ந்து உதிர்ந்துவிட்டது. கூட்டிப் பெருக்கும் அம்மா அதை வாரிக்கொண்டு போய்விட்டார். புள்ளி இல்லாததைப் பார்த்து, உடம்பு நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சேர்ந்து இரண்டாவது சுற்றில் அவனை எடுத்தார்கள். முழங்கால் ஏற்கனவே கிழிந்த பையன் அவன், மூன்று ஆட்டத்தோடு முடிந்துபோனான். ஒரு மாதம் முழுக்க ஆளாளுக்கு என்னைத் திட்டித் தீர்த்தார்கள். அதன் பிறகு, எந்தப் புள்ளியை ஒட்டினாலும் பட்டையின் பின்பக்கம் தேதி, நேரம், ஒட்டச் சொன்னவர் பெயர் மூன்றையும் அழியாத மையில் எழுதி வைப்பேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை, நான் எழுதுவது யாருக்கும் தெரியாது.

ஒடெல் ப்ரூயிட்டுக்கு வயது 31. மிசிசிப்பிக்காரன். முன்வரிசையில் இடது கார்டு, அதாவது பந்தை எறிகிறவன் மேல் எதிராளி விழாமல் தலையால் முட்டி நிறுத்துகிற வேலை. எட்டு வருடமாக நானும் அவனும் பழக்கம். தவக்காலத்துக்கு முந்தின நாள் டார்லீன் ஜாம் வைத்துப் பொரித்த போன்ச்கி ஒரு பெட்டி கொடுத்தனுப்புவாள். அவன் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதியை ஆட்டக்காரர்கள் அறை முழுக்கத் தானே கொண்டுபோய்க் கொடுப்பான்.

ஜனவரி 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பருவத்தின் கடைசி ஆட்டம் நடந்தது. மூன்றாவது கால் பகுதியில் ஒடெல் ஒருவனை முட்டிவிட்டு எழுந்தபோது வலது கையை உதறினான். அதற்குப் பிறகு தரையில் வலது கையை ஊன்றுகிறவன் இடது கையை ஊன்றினான். எட்டு வருடத்தில் அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் கழுத்தை ஸ்கேன் படம் எடுக்க அவனைக் கூட்டிப்போனார்கள். நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் 6ஆம் தேதி திங்கட்கிழமை காலை அறையைத் திறந்து விளக்குப் போட்டேன். பொது மேலாளர் ப்ராடி கெசல் உள்ளே வந்தார். அவருக்கு வயது 38. அவர் என்னிடம் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"வெர்ன், ஒடெலுக்குச் சிவப்பு வச்சிடு."

"கழுத்தா?"

"டாக்டர் படம் பாத்துட்டாரு. கழுத்து டிஸ்க்கு பிதுங்கி நரம்ப நசுக்குதாம். ஆபரேஷன் பண்ணாம வேலைக்காகாது. இனிமே பளு கிளு தூக்கினா கை போயிடும்னாரு."

"அவனுக்குத் தெரியுமா?"

"சுளுக்குன்னு சொல்லி வச்சிருக்கு. நீ புள்ளிய ஒட்டுய்யா, ஊருக்குத் தபால் குடுக்கிற வேலையெல்லாம் உனக்கெதுக்கு?"

நான் புள்ளியை ஒட்டினேன். பின்பக்கம் வழக்கம்போல எழுதினேன். அப்போது மணி காலை 7.40.

அன்றைக்கு ஆட்டக்காரர்கள் மூட்டை கட்டும் நாள். பருவம் முடிந்த மறுநாள் எல்லாரும் கறுப்புக் குப்பைப் பையில் தங்கள் அலமாரியைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போவார்கள். போகும் முன் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். உடம்பில் எந்தக் காயமும் இல்லை, நலமாகக் கிளம்புகிறேன் என்று அதில் இருக்கும். கை ஒடிந்தவன்கூட அதில் போட்டுவிட்டுத்தான் போவான். காயம் என்று எழுதினால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் போடாதவனைப் பார்க்கிற பார்வையே வேறு. சாட்சிக் கையெழுத்தும் நேரமும் போடுவது என் பொறுப்பு.

சுமார் பத்து மணிக்கு ஒடெல் என் மேசைக்கு வந்தான். வலது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அவன் பின்னால் பதினான்கு பேர் நின்றார்கள். எனக்குக் காலையில் சாப்பிடவும் நேரமில்லை, முதுகு வலி வேறு.

"வெர்ன், இதுல காயமே இல்லைன்னு போட்டிருக்கே. கை இன்னும் மரத்துத்தான் கிடக்கு. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுட்டு நாளைக்குத் தரட்டுமா?" என்று கேட்டான்.

"அடப் போப்பா, எட்டு வருஷமா போட்ட அதே தாளுதான். புதுசா என்னத்தப் படிக்கப்போற? காயம்பட்டவங்க லிஸ்டுல உம்பேரு ஏறிச்சுன்னா மார்ச்சுல ஒப்பந்தம் பத்தி யாரு உங்கூடப் பேசுவா?" என்று நான் சொன்னேன்.

அவன் சிரித்தான். "அதுவும் சரிதான். கிழட்டுக் குதிரைன்னு பேரு கட்டிருவானுங்க" என்றான். அதன் பிறகு இடது கையால் கையெழுத்துப் போட்டான். அது சின்னப் பிள்ளை எழுதியதுபோல இருந்தது. நான் சாட்சி போட்டு நேரம் எழுதினேன், 10.15. வரிசையில் அடுத்தவனைக் கூப்பிட்டேன். ஒடெலுக்குச் சிவப்பு வைத்துவிட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவன் நன்மைக்குத்தான் அவசரப்படுத்தினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரிசை நகர வேண்டும் என்பதும் ஒரு காரணம்தான்.

அதன் பிறகு மார்ச் இரண்டாவது வாரம் கெசல் ஒடெலை அழைத்து, சம்பளத்தில் கணிசமாகக் குறைத்துக்கொள், உடம்பைத் தேற்றிக்கொண்டு வா, வருகிற பருவத்துக்கும் நீதான் எங்கள் கார்டு என்று சொல்லி ஒப்பந்தத்தைத் திருத்தினார். ஒடெல் தகராறு செய்யாமல் ஒப்புக்கொண்டான். அன்று மதியம் நான் கெசலிடம், ஒடெலின் புள்ளியை மஞ்சளாக மாற்றட்டுமா என்று கேட்டேன்.

"சிவப்பே இருக்கட்டும். டிராஃப்ட்ல கார்டு மாட்டாமப் போனா நம்ம கையில ஒருத்தன் இருக்கணும்ல? ஆளு கிடைக்கிற வரைக்கும் அவன் உள்ள இருக்கட்டும், அவ்ளோதான்" என்றார்.

அதன் பிறகு ஒடெல் தினமும் காலையில் பயிற்சிக் கூடத்துக்கு வந்து பளு தூக்கினான். சுளுக்கு என்று சொல்லியிருந்ததால் தூக்கினால் சரியாகும் என்று நினைத்தான். மார்ச் 20ஆம் தேதி வாக்கில் நான் அந்தப் பக்கமாகப் போனபோது மல்லாந்து படுத்துக்கொண்டு மார்புக்கு மேல் பாரம் தூக்கிக்கொண்டிருந்தான். இரும்புத் தண்டு வலது பக்கம் சரிந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "மரப்பு விட்டுக்கிட்டு வருது வெர்ன், மே மாசத்துல பாரு என்னை" என்றான். நல்லது என்று சொல்லிவிட்டு நான் காபி எடுக்கப் போய்விட்டேன். இந்த வாக்குமூலத்தில் எனக்குச் சொல்லக் கூசுகிற இடம் எது என்று கேட்டால், இதுதான்.

ஏப்ரல் 26ஆம் தேதி சனிக்கிழமை டிராஃப்டின் மூன்றாம் நாள். நான்காவது சுற்றில் எங்கள் முறை வந்தபோது நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஒரு கார்டு இன்னும் யார் கையிலும் சிக்காமல் இருந்தான். கெசல் அவனை எடுத்தார். பெயரைச் சொன்னதும் அறையில் எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். கெசல் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார். அந்தப் பையன் அழுதான், அவன் அம்மா பின்னால் கத்தினாள். அதன் பிறகு நான் அவன் பட்டையை வலது சுவரிலிருந்து எடுத்து இடது சுவரில் கார்டு வரிசையில் வைத்தேன். கெசல் பீட்சாவைக் கையில் வைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒடெல இறக்கிடு, வெர்ன்."

இறக்கிய பட்டைகளைப் போடுவதற்கு ஒரு தகரப் பெட்டி உண்டு. வருடக் கடைசியில் அதைக் கொட்டிவிடுவோம். ஒடெலின் பட்டையை அதில் போடாமல் என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். அப்போது எனக்கே தெரியாது, இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அது கிளப் சொத்து என்கிறார்கள். இருக்கலாம், இத்துடன் ஒப்படைக்கிறேன்.

28ஆம் தேதி திங்கட்கிழமை ஒடெலுக்குப் போன் செய்து ஒப்பந்தத்தை முறித்துவிட்டார்கள். அதன் பிறகு அவன் வெளி மருத்துவரிடம் போய்ப் படம் எடுத்தபோதுதான் கழுத்தில் இருப்பது சுளுக்கில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. காயத்தோடு ஒன்றரை மாதம் பாரம் தூக்கியதில் நரம்பு பெரும்பாலும் செத்துவிட்டது, இனி அறுவை செய்தாலும் கை பழைய நிலைக்கு வராது என்று அந்த மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவன் கிளப்புக்குப் போய்க் கேட்டபோது ஜனவரியில் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டியிருக்கிறார்கள்.

மே மாதம் 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த சற்று நேரத்தில் ஒடெல் வந்தான். டார்லீன் காபி கொடுத்தாள். அவன் வலது கையால் வாங்கினான். கோப்பை கைநழுவி விழுந்து உடைந்தது. அவன் கீழே குனிந்து இடது கையால் சில்லுகளைப் பொறுக்கினான். விடுப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று டார்லீன் சொல்லியும் கேட்கவில்லை, எல்லாவற்றையும் பொறுக்கி மேசைமேல் வைத்தான்.

"அவங்களுக்கு முன்னாடியே தெரியும்னு எனக்குத் தோணுது வெர்ன். ஆனா எப்படி நிரூபிக்கிறது? உனக்கே தெரியாத காயம் எங்களுக்கு எப்படித் தெரியும்கிறானுங்க" என்றான்.

நான் மேசைமேல் இருந்த சில்லுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறேன் என்று அவன் கேட்டதையும், நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் அவனும் பேச்சுக்கு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் போன பிறகு டார்லீன், "நீ ஏன் அந்தப் புள்ள மொகத்தப் பாக்காமலே உக்காந்திருந்த?" என்று கேட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போய் என் சட்டைப் பைகளைத் துழாவி அந்தப் பட்டையைக் கண்டுபிடித்து, என் முன்னால் மேசையில், உடைந்த கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜூலை 11ஆம் தேதி நான் ஒடெலின் வழக்கறிஞருக்குப் போன் செய்தேன். மூன்று நாள் கழித்து என் சாவி அட்டை நின்றுபோனது.

ஒடெலின் காயம் தங்களுக்கு ஏப்ரல் மாதம் வரை தெரியாது என்றும், ஜனவரியில் அவனே நலமாக இருப்பதாக எழுதிக் கொடுத்தான் என்றும் நிர்வாகம் இந்த நீதிமன்றத்தில் சொல்லியிருப்பதைப் படித்துக் காட்டினார்கள். பட்டையின் பின்பக்கம் 'ஜனவரி 6, காலை 7.40, கெசல்' என்று இருக்கிறது. ஒடெல் போட்ட தாளில் 'ஜனவரி 6, காலை 10.15' என்று இருக்கிறது. இரண்டையும் எழுதியது ஒரே ஆள். இரண்டும் என் கையெழுத்து.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இந்த ஏழு பக்கத்தையும் என்னிடமே கொடுத்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன், அதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவசரமில்லை, வேண்டுமானால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று பதிவு அலுவலர் அம்மா சொன்னார். ஒடெலின் தாள் ஒரு பக்கம்தான். இதில் உள்ளது அத்தனையும் நடந்தது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று தெரிந்துகொண்டு இன்றே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வெர்னன் ஷிமான்ஸ்கி
டொலீடோ, ஆகஸ்ட் 12, 2025, பிற்பகல் 3.05
நேரம் என் கையால் எழுதியது.