இஸ்திரிப் பொட்டி ஆறிப் போச்சு

ஹலோ... ஹலோ... ஆமா, நான்தான். அக்காதான் பேசுறேன். ஏன், செத்த வீட்டுலேர்ந்து போன் வரக்கூடாதா?... என்ன புரியல? இப்பத்தான் ஒரு அம்மா நம்ம சலவைக் கடைக்கு வந்து, குடுத்த கோட்டைக்கூட வாங்காம, என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதுட்டுப் போறாங்க. "அப்பா எப்பம்மா தவறினாரு"ன்னு கேக்குறாங்க. அப்பா உள்ள உக்காந்து அவங்க கோட்டுக்கே பொத்தான் தெச்சிட்டிருக்காரு!... சிரிக்காத. சிரிச்சேன்னா போன்லயே அறைவேன்.

...ஆமா, உன் பாட்டாலதான். வேற எதால? ...எல்லாரும் கேக்குறாங்களா? தெரியுமே. தெருவே கேக்குது. எதிர் பில்டிங் பல் டாக்டர் இருக்காரே, அவரு வெயிட்டிங் ரூம்ல நாள் பூரா அதுதான் ஓடுது. பல்லு புடுங்க வந்தவன் பாவம், அதைக் கேட்டே பாதி உயிர் போய்த்தான் உள்ள போறான். "உங்க தம்பி குரல்ல ஒரு வலி இருக்கும்மா"ங்கறாரு என்கிட்ட. வலியா? மூக்கடைப்பு சார் அது, சின்ன வயசுலேர்ந்தே இருக்குன்னேன்... ஆமா, சொன்னேன். ஏன் சொல்லக்கூடாது?

...ப்ளூஸா? அமெரிக்காவுல பாடுற சோகப் பாட்டு வகையா? என்ன ப்ளூஸோ. சோம்பேறித்தனத்துக்கு ஸ்டைலா ஒரு பேர் வெச்சுட்டா அது கலை ஆயிடுமா? ஒரு மேளம் உண்டா, ஒரு வயலின் உண்டா? நீ ஒருத்தன். மடில ஒரு கிடார். கீழ செருப்பால தரையைத் தட்டுற சத்தம். அந்த நாற்காலி வேற, நீ அசையும்போதெல்லாம் கிறீச்சுங்குது. துரை நீங்க ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டிருக்கக்கூடாதா?... ஓ, வேணும்னேதான் எண்ணெய் விடலையா! அந்தக் கிறீச்சுலதான் உயிர் இருக்கா! சரிப்பா. நம்ம குளியலறைக் கதவும்தான் கிறீச்சுங்குது, அதையும் ரெக்கார்டு பண்ணி வெளியிடு, ஜனம் அழட்டும்.

...இரு, நான் இன்னும் முடிக்கல. என் வீட்டுக்காரர் கூட ஷேவ் பண்ணும்போது அதைத்தான் முணுமுணுக்குறாரு. அப்படி என்னதான் இருக்கு அதுலன்னு கேட்டேன். "தனியா உக்காந்து பாடுறான் பாரு, எனக்கே எனக்குன்னு பாடுற மாதிரி இருக்கு"ங்கறாரு. தனியா உக்காந்து பாடுறான்னா கூட உக்கார ஒரு ஆள் கிடைக்கலன்னு அர்த்தம், வழிச்சது போதும் வேலைக்குக் கிளம்புங்கன்னேன்.

...சரி, பாட்டைப் பத்தியே பேசுவோம். ஒரு வரியை ஏண்டா ரெண்டு தடவை பாடுற? "இஸ்திரிப் பொட்டி ஆறிப் போச்சு, எங்கப்பா எழுந்திரிக்கல." சரி, கேட்டாச்சு. உடனே மறுபடியும், "இஸ்திரிப் பொட்டி ஆறிப் போச்சு, எங்கப்பா எழுந்திரிக்கல." எங்களுக்கென்ன காது செவிடா?... அதுதான் முறையா? எவன் வெச்ச முறை? மூணாவது வரி தோணாதவன் எவனோ கண்டுபுடிச்ச தந்திரம் அது. அந்த மூணாவது வரியாவது உருப்படியா இருக்கா? "யாரு சட்டையோ தெரியல, இன்னும் மடிப்புக் கலையல." பொட்டியாம், பொட்டி! ஸ்டீம் பிரஸ் வாங்கி எத்தனை காலம் ஆச்சு, நீ இன்னும் பழைய பொட்டியைத் தூக்கிக்கிட்டுத் திரியுற. நீ எப்ப அதைத் தொட்ட? தொட்ட ஒரே நாள் உங்க கணக்கு வாத்தியார் சட்டையைக் கருக்கிட்டு ஓடுனவன்தானே!

...ஆமா, கோபமாத்தான் பேசுறேன். உயிரோட இருக்குற மனுஷனுக்கு ஒப்பாரி வெச்சு ஊரெல்லாம் ஒலிபரப்பிட்டு, கொஞ்சச் சொல்றியா உன்னை?

...விஷயம் என்னன்னா... விஷயம் என்னன்னா, அவரு மாட்டேன்னுட்டாரு... ஆபரேஷனுக்குடா! வேற எதுக்கு? நாளைக்குக் காலைல ஆபரேஷன். இன்னைக்கு சாயங்காலமே ஆஸ்பத்திரில போய்ப் படுக்கணும். நெஞ்சுல வால்வை மாத்திட்டா இன்னும் ரொம்ப வருஷம் ஜம்முனு இருப்பாரு, மாத்தலன்னா இந்த வருஷத்தைத் தாண்டமாட்டாருன்னு டாக்டர் முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. நான் பைல துணியை எடுத்து வெக்கிறேன், இவரு ஒவ்வொண்ணா வெளிய எடுத்து மறுபடி அலமாரில அடுக்குறாரு. ஏம்பான்னா, "எனக்கு எல்லாம் ஆயிடுச்சும்மா, போதும்"ங்கறாரு. சண்டை போட்டாலும் பரவால்ல. சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. துக்கம் கேக்க வர்றவங்களைத் திரையை விலக்கி எட்டிப் பாத்து வேற சிரிக்கிறாரு.

...புரியுதா இப்ப? பெத்த மகனே பொணமாக் கிடத்திப் பாடிட்டான், இனிமே எதுக்கு இருக்கணும்னு நெனைக்கிறாரு. மனசு விட்டுப் போச்சுடா அந்த மனுஷனுக்கு. நீ இப்பவே கிளம்பி வர்ற. வந்து அவர்கிட்ட மன்னிப்புக் கேக்குற. தெரியாமப் பாடிட்டேன்னு...

...என்னது? அப்படி இல்லையா? நீ கண்டியா? கூட இருக்குறது நானா நீயா?... முழுசாக் கேட்டியான்னா? கேக்கல. பாதி கேட்டேன், ஆளை விடுடா சாமின்னு நிறுத்திட்டேன்... எதுக்குக் கடைசி வரைக்கும் கேக்கணும்? வாயால சொல்லித் தொலையேன்... சரி. சரி, கத்தாத, போடுறேன். கடை போன்லதான் பேசுறேன், மொபைல்ல போடுறேன், இரு... இல்ல, அவருக்குக் கேக்காது. டிரையர் ஓடுது, அது பக்கத்துலதான் உக்காந்திருக்காரு.

...ம்... செருப்புச் சத்தம் ஆரம்பிச்சாச்சு... ம்... ஆமா, எழுந்திரிக்கல, எழுந்திரிக்கல, தெரியும்... இந்த எடத்துல எதுக்கு மூச்சை இப்படி இழுக்குற, மாடிப்படி ஏறுனவன் மாதிரி?... பேசாதயா? சரி, பேசல.

...

...முடிஞ்சிடுச்சு. இதுல என்ன இரு...

...இரு.

...இரு, இரு. அந்தக் கடைசிக் கம்பிக்கு முன்னாடி. திரும்பப் போடுறேன்.

...டேய், யாரு இருமுறது?

...இது அப்பா இருமல்டா. ரெண்டு தடவை இருமிட்டு மூணாவதை முழுங்குவாரு. தினமும் கேக்குறவ, எனக்குத் தெரியாதா? அவரு எப்படிடா உன் ரூமுல...? நீங்க ரெண்டு பேரும் முகம் குடுத்துப் பேசியே எத்தனை வருஷம் ஆச்சு!

...என்னைக்கு?... கண்ணாடி மாத்தப் போறேன்னு போனாரே, அன்னைக்கா? பழைய கண்ணாடியோடவே திரும்பி வந்தாரு. கடை பூட்டியிருந்துதுன்னாரு. நானும் நம்பி, கண்டபடி அந்தக் கண்ணாடிக் கடைக்காரனைத் திட்டினேன்.

...ம்... ம்... மெதுவா சொல்லு... அவரே கேட்டாரா? என்னன்னு?... "நான் போனப்புறம் நீ என்னத்தைப் பாடுனாலும் எனக்கா கேக்கப் போகுது, இருக்கும்போதே பாடிடு"ன்னா?... ம்... நீ ரெக்கார்டு பண்ணும்போது உனக்கு எதிர்ல, கட்டில்ல உக்காந்துக்கிட்டு... நீ அழுதியா?... அவரு?... ஓ. முடிஞ்சதும் என்ன சொன்னாரு?... "நல்லா வந்திருக்குடா, எல்லாரும் கேக்கட்டும்"னாரா. அப்பாவா? அந்த வாயாலயா?

...அப்போ நெஞ்சு விஷயம் அவருக்கு அப்பவே தெரியும். உனக்கும் தெரியும். எனக்கு மட்டும் போன வாரம் டாக்டர் சொல்லித் தெரியுது... நீ ஒண்ணும் சமாதானம் சொல்லாத. விடிஞ்சதுலேர்ந்து பொழுது அடையுற வரைக்கும் அந்த மனுஷன் பக்கத்துல நிக்கிறவ நான். மாத்திரை குடுக்க நானு, திட்டு வாங்க நானு, உப்பு ஒத்துக்காதுன்னு சண்டை போட நானு. மனசுல இருக்குறதைச் சொல்ல மட்டும் உன்னைத் தேடி வந்தாரா?... "அக்காவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா"ன்னாரா? நான் தாங்காம வேற யாருடா இந்த வீட்டைத் தாங்குறா? வலிக்குதுடா எனக்கு. நிஜமாவே வலிக்குது.

...அழல. சோப்புத் தூள் மூக்குல ஏறிடுச்சு.

...பேசாத, யோசிக்க விடு... அப்போ அவரு மனசு உடைஞ்சு உக்காரல. திருப்தியா உக்காந்திருக்காரு. தன் சாவுப் பாட்டைத் தானே கேட்டாச்சு, ஊரே அழுததைப் பாத்தாச்சு, மகனும் தன்னைப் பத்திப் பாடிட்டான். இதுக்கு மேல என்ன வேணும்னு சிரிக்கிறாரு. போடா, இது அதை விட மோசம். கோபமா இருந்தாலாவது கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டுப் போயிருப்பேன். இப்படிச் சந்தோஷமா இருக்குறவரை நான் என்னடா பண்றது?

...

...டேய், கேளு. நல்லாக் கேளு. பேன்ட் மடிப்பு ஒரு நூல் தப்பி விழுந்தா அவரு விடுவாரா?... மாட்டாருல்ல. தண்ணி தெளிச்சு, பழைய மடிப்பைக் கலச்சு, மொதல்லேர்ந்து போடுவாரு. துணி குடுத்தவன் வாசல்ல நின்னு கத்தினாலும் குடுக்கமாட்டாரு. அரைகுறையா எதையும் கடையை விட்டு வெளிய அனுப்புனதே கிடையாது. அப்படிப்பட்டவரு, தன்னைப் பத்தின பாட்டு அரைகுறைன்னு தெரிஞ்சா, விட்டுட்டுப் போவாரா?... அதான். அதையேதான் சொல்றேன். பாட்டு சரியா விழலன்னு நீ சொல்லணும். சுருதி எறங்கிடுச்சு, கேக்கச் சகிக்கல, மறுபடியும் பாடணும், நீங்க எதிர்ல உக்காந்தாத்தான் எனக்கு வரும், ஆபரேஷன் முடிஞ்சு தேறி வாங்கப்பான்னு சொல்லணும்.

...என்னடா மாட்டேங்கிற?... பொய் சொல்லமாட்டியா? ரயில் கூரை மேல போனேன், சிறைல படுத்தேன்னு பாடுறியே, அதெல்லாம் என்ன? பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைக்கலன்னா வாந்தி எடுக்குறவன்டா நீ!... இதுதான் நீ பாடுனதுலயே ஒரே நெசமான பாட்டா? இருக்கட்டுமே... தெரியும். தெரியும்டா. பொறந்ததுலேர்ந்து ஒரே ஒரு தடவை உன்னை நல்லாருக்குன்னு சொன்னாரு. அதைத்தான் திருப்பிக் குடுக்கச் சொல்றேன். அந்த வார்த்தை வேணுமா, ஆள் வேணுமா? சொல்லு.

...டிரையர் நின்னுடுச்சு. வர்றாரு. முடிவு பண்ணிக்கோ... அப்பா, அவன்தான் லைன்ல இருக்கான். ஆமா, உங்க பாடகர்தான். உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்... எனக்கென்ன தெரியும்? பாட்டுல ஏதோ கோளாறாம். நான்தான் மொதல்லேர்ந்தே சொல்றேனே, அதுல பாட்டே இல்லன்னு. இந்தாங்க, உக்காந்து பேசுங்க.

வாங்க சார். கோட்டா? குடுங்க... காலர்ல என்ன கறை? மையா? போயிடும், கொஞ்சம் நேரமாகும்... என்ன சார்?... இல்ல சார், எங்கப்பா சாகல. அதோ ஸ்டூல்ல உக்காந்து போன் பேசுறாரு பாருங்க... ஆமா, அவரேதான்... பாட்டுல ஆயிரம் பாடுவான் சார், அதையெல்லாம் நம்பிக்கிட்டு... கொஞ்சம் சும்மா இருங்க சார், அவரு ஏதோ கேக்குறாரு... "எந்த எடத்துல"ன்னு கேக்குறாரு... உங்களை இல்ல சார். செவ்வாய்க்கிழமை வாங்க. போயிட்டு வாங்க.

குடுங்கப்பா போனை. எங்க எழுந்திரிச்சுப் போறீங்க?... பனியனா? அலமாரில மேல் தட்டு. நீங்கதானே அடுக்குனீங்க, நீங்களே எடுங்க.

...ஹலோ. டேய், என்னடா சொன்ன?... ம்... "மடிப்பு தப்பா விழுந்துடுச்சுப்பா, கலச்சுட்டு மறுபடி போடணும்"னா?... அதுக்கு அவரு?... "எனக்கும் மூணாவது வரில ஒரு சந்தேகம் இருந்துது"ன்னாரா! ஐயோ, கிழவனுக்குக் கொழுப்பைப் பாத்தியா!... வெக்கிறாருடா. பைல பனியனை வெக்கிறாரு, இங்கேர்ந்து தெரியுது. துண்டையும் வெச்சுட்டாரு.

...டேய். லைன்ல இருக்கியா?... ஒண்ணும் பேச வேண்டாம். அழு. அழுது முடி, நான் வெக்கமாட்டேன்.

...என்ன?... நிஜமாவே கேவலமா இருக்கான்னா?

...அந்த இருமல் வருதே, அங்க நீ தரையைத் தட்டுறதை நிறுத்திடுற. அவரு இருமி முடிக்கட்டும்னு காத்துக்கிட்டிருக்க. முடிச்சப்புறம்தான் அந்தக் கடைசிக் கம்பியைத் தொடுற... கேட்டேன்டா. நல்லா இருக்கு. ரொம்ப, ரொம்ப நல்லா... இரு, வர்றாரு, பையோட வர்றாரு... ஆமா! ஆமான்னா ஆமா! கேவலம், படு கேவலம், மொதல்லேர்ந்து மறுபடியும் பாடு! வை போனை!