நடு மாடல்

...பின்ன என்ன சார், வண்டி விக்கிறாங்களா, பரீட்சை வெக்கிறாங்களா? பேஸுங்கறான், மிடிலுங்கறான், டாப்புங்கறான். சரி, மூணுதானேன்னு மனச தேத்திக்கிட்டா, அதுக்கு மேல எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்குன்னு இன்னொரு லிஸ்ட்ட நீட்டுறான். ஒரே வண்டி, ஒரே இன்ஜின், அதே ரெண்டு கதவு. ஒண்ணுல சீட்டு சூடாகும், ஒண்ணுல ஆகாது. அதுக்குப் போயி இவ்வளவு வித்தியாசமா... முட்டி இடிக்குதா? இடிக்கும் சார். ரெண்டு கதவு கூபேன்னா அப்படித்தான். பின்சீட்டு மனுஷங்களுக்காக வெச்சதில்ல, கழட்டின கோட்ட போட்டு வெக்கறதுக்காக வெச்சது. நீங்க உள்ள நுழைஞ்சதே பெரிய விஷயம். நல்லா சாஞ்சு உக்காருங்க. நான் இப்படி முன்னாடி உக்காந்துக்கறேன், சீட்ட கொஞ்சம் பின்னாடி தள்ளிக்கறேன்... என்ன, வெளிய வர வழி இல்லையா? வரலாம் சார், வரலாம். அந்த டை கட்டின சேல்ஸ்மேன் சாவி எடுக்கப் போயிருக்காரு, அவரு இப்போதைக்கு வர மாட்டாரு.

ஐயையோ, நான் இங்க வேலை பாக்கறவன் இல்ல. உங்கள மாதிரி செகண்ட் ஹேண்ட் வண்டி பாக்க வந்தவன்தான். இதோட மூணு சனிக்கிழம வந்துட்டேன். அந்த அனுபவத்துல சொல்றேன், இதப் பாத்தது போதும், எறங்கி அந்த வெள்ளையப் பாருங்க. பக்கத்துலயே நிக்குது பாருங்க, அது டாப்பு. டிக்கில மாடல் பேரு போட்ட பெரிய பேட்ஜே இருக்கு. விலை கூடத்தான், கூட இருந்தா என்ன, கவலை இல்லாம ஓட்டலாம். இந்த சாம்பல் கலர் நடு மாடல். நடு மாடலுன்னா ரெண்டுங்கெட்டான் சார். பேஸுன்னா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிடலாம், டாப்புன்னா நெஞ்ச நிமித்திக்கலாம். நடுவுல மாட்டுனவன் பொழப்பு நாய் படாத பாடு.

அதுவும் இந்த வண்டி... சொல்லக் கூடாது, ஆனா சொல்லாம இருக்கவும் மனசு வரல. இது வியாதி புடிச்ச வண்டி சார். எனக்கு எப்படித் தெரியும்னா, இதுக்கு முன்னாடி வெச்சிருந்தவரு என் ஃப்ரெண்டு. ரொம்ப நெருக்கம். மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்காரு. கண்ணு டெஸ்ட் பண்ணி, ஃப்ரேம் எடுத்துக் குடுத்து, லென்ஸ் போட்டுக் குடுக்கறவரு. நல்ல மனுஷன். கொஞ்சம் ஜாஸ்தியா பேசுவாரு, அத விட்டா ஒரு குறை சொல்ல முடியாது. அவரு கடையிலயும் இதே கூத்துதான், அத ஒத்துக்கணும். ஃப்ரேமுக்கு ஒரு விலை, லென்ஸுக்கு ஒரு விலை, கீறல் விழாம இருக்க ஒரு பூச்சு, கூச்சம் தெரியாம இருக்க ஒரு பூச்சு. தொடைக்கிற துணி மட்டும் இனாம். ஆனா எந்தப் பூச்சு எதுக்குன்னு வெளக்கிச் சொல்லுவாரு. சொல்லிக்கிட்டே இருப்பாரு.

எங்க விட்டேன்... வியாதி. மொதல்ல கதவு. நீங்க மெதுவா சாத்துனாப் போதும், கடைசி ஒரு விரக்கடை இருக்குல்ல, அத அதுவே இழுத்து மூடிக்கும். க்ளுக்குன்னு. ஃப்ரெண்டு ஆடிப் போயிட்டாரு. பூட்டு லூஸாயிடுச்சுன்னு மெக்கானிக்கிட்ட சண்டைக்குப் போனாரு. அடுத்தது பெல்ட்டு. ஏறி உக்காந்தா, பின்னாடிலேருந்து ஒரு பிளாஸ்டிக் கை நீண்டு வந்து, இந்தா போட்டுக்கோன்னு பெல்ட்டை நீட்டுது. பெத்த தாய் கூட அப்படி நீட்டியிருக்க மாட்டா. ஏதோ உடைஞ்சு வெளிய வந்திருக்குன்னு உள்ள தள்ளி, டேப்பு போட்டு ஒட்டினேன்... ஒட்டினாராம்.

அப்புறம் சீட்டு. தோல் முழுக்க ஊசியால குத்தின மாதிரி பொடிப்பொடி ஓட்டை. அதுலேருந்து சில்லுன்னு காத்து வருது. உக்கார்ற எடத்துல காத்து வந்தா என்ன சார் அர்த்தம்? ஏசி கொழாய் எங்கயோ ஒழுகுதுன்னுதானே அர்த்தம்? கெட்டியா ஒரு சீட்டு கவர் தெச்சுப் போட்டாரு. காத்து நின்னுது, முதுகெல்லாம் வேர்க்குரு வந்துது. அவரு சம்சாரம் மட்டும் என் பக்கம் கவரே வேண்டாம்னுட்டாங்க. அவங்களுக்கு முதுகுவலி. அந்த சீட்டுல முதுகுப் பக்கம் ஏதோ உருண்டை உருண்டையா ஏறி எறங்கும். ஸ்ப்ரிங்கு கழண்டிருக்கு, மாத்திடலாம்னு இவரு சொன்னா, கழண்டதாவே இருக்கட்டும், சுகமா இருக்குன்னு கண்ண மூடிக்குவாங்களாம்.

இதெல்லாம் ஒண்ணுமே இல்ல சார். முன்கண்ணாடி கதையக் கேளுங்க. வண்டி ஓடும்போது ரோட்டு மேல, அந்தரத்துல, நம்பர் மிதக்குது. நாப்பது, நாப்பத்தஞ்சு, அம்பது. நல்லா பளிச்சுன்னு. நாள் முழுக்க ஊரையே உக்கார வெச்சு, கடைசி வரிய படிங்க, கடைசி வரிய படிங்கன்னு சொல்றவனுக்கு அந்தரத்துல நம்பர் தெரிஞ்சா எப்படி இருக்கும்? கடைய சாத்திட்டு, தானே உக்காந்து தன் கண்ண டெஸ்ட் பண்ணிக்கிட்டாரு. பவர்ல ஒரு மாத்தமும் இல்ல. சரி, வெயில் கூசி ஏதோ தெரியுதுன்னு, போலரைஸ்டு கண்ணாடின்னு ஒண்ணு இருக்கு, பளபளப்பு வெளிச்சத்த வெட்டுறது, அந்தக் கறுப்புக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஓட்டிப் பாத்தாரு. நம்பர் மறைஞ்சு போச்சு சார். அவ்வளவு சந்தோஷம். தன் வியாதிய தானே கண்டுபுடிச்சு தானே கொணப்படுத்திக்கிட்ட பெருமை. கடைக்கு வந்த அத்தன பேருக்கும் அந்தக் கண்ணாடியத்தான் சிபாரிசு பண்ணேன். பண்ணாரு. மழைல கூட கறுப்புக் கண்ணாடியோடதான் ஓட்டுவாரு. எதிர்ல வர்றவங்கள்ளாம் ஒரு மாதிரி பாப்பாங்க.

ஏன் சார் சிரிக்கறீங்க? ஒரு மனுஷன் கண்ணு போயிடுமோன்னு பயந்திருக்கான், உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. ...என்ன? நடு மாடல்தானே, இதுக்கு மேல என்ன எதிர்பாக்க முடியும்னா கேக்கறீங்க? 

சார், வார்த்தைய அளந்து பேசுங்க. எதப் பாத்து நடு மாடலுங்கறீங்க? கதவு தானா மூடிக்குது. பெல்ட்டு கைக்கு வருது. சீட்டு விசிறி விடுது, முதுகு புடிச்சு விடுது. வேகத்த ரோட்டு மேல எழுதிக் காட்டுது. நடு மாடல்ல இதெல்லாம் இருக்குமா? எங்க சகலை வெச்சிருக்கானே நடு மாடல், அதுல இருக்கா? ஓங்கி அறைஞ்சாத்தான் அவன் கதவு சாத்தும்.

...சரி. மாட்டிக்கிட்டேன். ஃப்ரெண்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது. நான்தான் சார் அந்தக் கண்ணாடிக் கடைக்காரன்.

பசங்க வேலை, கல்யாணம்னு ஆளுக்கொரு பக்கம் போனப்புறம், இனிமே நமக்கு எதுக்கு நாலு கதவுன்னு வீட்ல ஒரு நாள் சொன்னா. அந்த வார்த்தைய புடிச்சுக்கிட்டு வண்டி தேடுனேன். ஒரு டீச்சரம்மா, அவங்க அப்பா காலமானப்புறம் இந்த வண்டிய விக்கறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். அவங்களுக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா எனக்குப் பேசத் தெரியும். வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தேன். டிக்கில பேட்ஜே இல்ல, மொட்டையா இருந்துது. பேர் இல்லன்னா பேஸு மாடல்தாம்மா, டாப்புன்னா பேரு போடாம விடுவானான்னு அடிச்சு விட்டேன். பாவம், அவங்க நம்பிட்டாங்க, விலையும் எறங்குச்சு. கூத்து என்னன்னா, சொன்ன நானும் நம்பிட்டேன். இவ்வளவு சல்லிசா வந்தது மட்டமான சரக்காத்தானே இருக்கும்.

அதே மாசம் என் சகலை, என் மச்சினி புருஷன், இதே வண்டில நடு மாடல் வாங்குனான். பேட்ஜோட. வீட்டு வாசல்ல ரெண்டு வண்டியும் நின்னா, அவன் என் வண்டிக்குப் பின்னாடி போய் குனிஞ்சு பாப்பான். என்ன சகலை, புள்ளைக்குப் பேரு வெக்க மறந்துட்டாங்களா, அப்படிம்பான். எல்லாரும் சிரிப்பாங்க. எங்க மாமியாருக்கு காது கேக்காது, அவங்க கூட சிரிப்பாங்க. எத்தன நாள் சார் தாங்கறது? நேரா கார் சாமான் விக்கற கடைக்குப் போனேன். மூணு பேட்ஜையும் எடுத்துப் போட்டான். டாப்ப ஒட்டினா எவனும் நம்ப மாட்டான். பேஸ ஒட்ட ரோஷம் விடல. நடுவ ஒட்டினேன். அதோ, நீங்க பாத்தீங்களே, அது என் கையால ஒட்டினது. லேசா கோணலா இருக்கும்.

அப்படியும் மனசு அடங்கல. வண்டில தெனம் ஒரு வியாதின்னு நெனச்சுக்கிட்டிருந்தேனா, அது கடைசி மூச்ச விடறதுக்குள்ள தள்ளி விட்டுடலாம்னு இங்க கொண்டாந்தேன். மதிப்பு போட வந்தவன் ஒரு கண்ணு போன்ல, ஒரு கண்ணு பேட்ஜுல. நடு மாடல்னு எழுதிக்கிட்டான். நான் வாய மூடிக்கிட்டு நின்னேன். என் ஆயுசுலயே நான் வாய மூடிக்கிட்டு நின்னது அன்னிக்கு ஒரு நாள்தான் சார். பேஸ மிடில்னு தலையில கட்டிட்டேன்னு, போற வழில ஸ்வீட்டு வேற வாங்கிக்கிட்டுப் போனேன். வீட்ல அவ அதத் தொடல. நாலு நாள் பேசவும் இல்ல.

அஞ்சாவது நாள் ஒரு காகிதத்த என் டேபிள் மேல வெச்சா. வண்டி டேஷ்போர்டுல இருந்துதாம், காலி பண்ணும்போது எடுத்து வெச்சிருக்கா. பொடி எழுத்து. பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சேன். மொத வரியே டாப் மாடல்னு போட்டிருக்கு. அதுக்குக் கீழ கதவு, பெல்ட்டு, சீட்டு, முன்கண்ணாடின்னு நான் வியாதின்னு நெனச்சது ஒண்ணு விடாம வரிசையா இருக்கு, ஒவ்வொண்ணும் தனியா காசு குடுத்துப் போட்டது. கடைசி வரிதான் சார் என்னக் கொன்னுது. பின்னாடி மாடல் பேரு போட வேண்டாம், அப்படின்னு. அதுவும் ஒரு எக்ஸ்ட்ரா. பேரு போடாம இருக்கறதுக்கு அந்த டீச்சரம்மாவோட அப்பா காசு குடுத்திருக்காரு. நெறகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க. அந்த வண்டி மேல போயி நடு மாடல்னு ஒட்டியிருக்கேன், நான் கூத்தாடின குறைகுடம். ரெண்டு வருஷமா சகலை வண்டிக்கு ஒரு படி மேல உக்காந்துக்கிட்டு, அவன்கிட்ட தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னிருக்கேன்.

சகலை கெடக்கான். எனக்கு வலிக்கறது வேற. எந்த வண்டி வாங்கினாலும் எங்க வீட்ல நாலு பேர் ஏறிக்குவாங்க சார். அவ பின்சீட்டுல யாரோட பையையாவது மடில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. இதுல பின்னாடி உக்கார முடியாதுல்ல, யாருமே வரேன்னு கேக்கல. ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் மட்டும் போவோம். அவ கண்ண மூடிக்கிட்டு சாஞ்சிருப்பா, நான் பேசிக்கிட்டே ஓட்டுவேன். முப்பது வருஷத்துல எங்க ரெண்டு பேருக்குன்னு கெடச்ச எடம் இது ஒண்ணுதான். அத வித்துட்டு ஸ்வீட்டு வாங்கிக்கிட்டுப் போயிருக்கேன், என்ன மாதிரி முட்டாள் உண்டா?

அதான் விடாம வந்துக்கிட்டிருக்கேன். போன வாரம் வரைக்கும் பின்னாடி ஒர்க்ஷாப்புல நின்னுது, இன்னிக்குத்தான் விக்கறதுக்கு வெளிய வெச்சிருக்காங்க. நல்ல வேளை, கவரக் கழட்டினவங்க பேட்ஜக் கழட்டல. நடு மாடல் விலைதான் போட்டிருக்காங்க சார், அவங்களுக்கு இன்னும் விஷயமே தெரியாது. தெரிஞ்சா இந்த விலைக்குக் கண்ணுல காட்ட மாட்டாங்க. டாப்பு இந்த விலைக்கு எந்த ஜென்மத்துலயும் கெடைக்காது. அட்வான்ஸ் கட்ட என் சம்சாரம் பேங்க்லேருந்து வந்துக்கிட்டிருக்கா, பத்து நிமிஷம். அதுக்குள்ள நீங்க வந்து நின்னீங்களா, அதான் வியாதி அது இதுன்னு கதை விட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க.

எறங்கணுமா? போன் பேசணுமா? தாராளமா. இருங்க, நான் மொதல்ல எறங்கிக்கறேன். சீட்டக் கையால தள்ளாதீங்க சார். சகலை வண்டிலதான் அப்படித் தள்ளணும். இதுல தோள் பக்கத்துல இந்த பட்டன தொட்டாப் போதும்... பாத்தீங்களா, எப்படி அலுங்காம முன்னாடி போகுது. இதுவும் அந்த லிஸ்ட்டுல இருக்கு. மெதுவா, தலை இடிச்சுக்காதீங்க.

கையக் குலுக்கறீங்க... எதுக்கு சார் எனக்கு நன்றி? ...சார், போன் பேசறதுக்கு வெளிய நல்லா சிக்னல் கெடைக்கும். அங்க எதுக்கு போறீங்க, அது அட்வான்ஸ் கட்டற ரூமு. சார்... அந்த வெள்ளையப் பாக்கவே இல்லையே. சார்...

...ஹலோ. ஆங், சொல்லும்மா. வாசல்கிட்ட வந்துட்டியா? வா, வா. ...இங்கதான் நிக்குது. இன்னும் நிக்குது. ...யாரு, நானா? சேச்சே. நான் யார்கிட்டம்மா பேசப் போறேன்? வந்ததுலேருந்து வாயே தொறக்கல.