நெற்றியில் நிற்காத பசை

‘சம்பந்தியம்மா, உங்க தலை நகருதே!’

இதே வார்த்தைதான், உலோமா. ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல. அன்னிக்கு ஊர்முறைக் கல்யாணத்துல, எனுகு ஊரே கூடியிருந்த பந்தல்ல, மைக் பக்கத்துல நின்னுக்கிட்டு மாப்பிள்ளையோட அம்மா சொன்னா. நான் பாட்டுக்கு என் பொண்ணுகூட ஆடிக்கிட்டிருக்கேன், நீ ஒட்டிவிட்ட விக் நெத்தியை விட்டு இறங்கி புருவத்து மேல வந்து உக்காந்திருக்கு!

சிரிக்காதே. உன் சலூன் பேரு கெட்டதுன்னு அழு.

பசை புதுசுங்கறே. புதுசுன்னா ஏன்டி பிடிக்கல? நீ பண்ணாத சடங்கா? க்ரீம் கூடாது, பவுடர் கூடாது, சோப்பு போட்டுக் கழுவு, ஸ்பிரிட்டால துடை, நெத்தி மொறமொறன்னு காஞ்சாத்தான் பசை உக்காரும்... கான்வென்ட்ல சிஸ்டர் ஃபிலோமினாகூட என்னை இப்படித் தேய்ச்சதில்ல, காதைத் திருகறதோட சரி. அப்புறம் மெல்லிசா ஒரு பூச்சு. அது வெள்ளை போய் கண்ணாடியாட்டம் ஆகறவரைக்கும் விசிறி. அதுமேல இன்னொரு பூச்சு. சுவத்துக்கு பெயின்ட் அடிக்கிறவன்கூட இவ்வளவு பிகு பண்ணமாட்டான்!

என்னது, தலைத்துணி கட்டிக்கணுமா? எதுக்கு? தோத்துட்டேன்னு அந்த சம்பந்தி நினைக்கவா? இன்னிக்கு சர்ச் கல்யாணத்துல அவளும் அவ தங்கச்சிங்களும் முன் பெஞ்சுல உக்காந்து என் நெத்தியைத்தான் பார்ப்பாளுங்க, கல்யாணப் பொண்ணையா பார்ப்பாளுங்க? ஆடினாலும் பிடிக்கணும், அழுதாலும் பிடிக்கணும். சொல்லிட்டேன்.

உன்னை மட்டும் நம்பி உக்காந்திருக்கேன்னு நினைச்சியா? உன் ஸ்பிரிட்டு இருக்கே, அது ஆசீர்வாதத்தையும் சேர்த்துல்ல துடைச்சிடுது! அதான், நீ துடைச்சு முடிச்சு ஜெனரேட்டருக்கு பெட்ரோல் ஊத்தப் போனதும், ஃபாதர் ஜெபிச்சுக் கொடுத்த ஒலிவ எண்ணெயை எடுத்து நெத்தியில பூசிக்கிட்டேன். இந்தக் காதுலேருந்து அந்தக் காது வரைக்கும். அன்னிக்கும் பூசினேன், என்ன, கொஞ்சம் கம்மியாப் போச்சு போல. இன்னிக்கு நல்லா கனமா...

என்ன, பிரஷ் அப்படியே நிக்குது? பூசு.

ஏன் அப்படிப் பார்க்கறே? ஏய், பிரஷைக் கீழ வைக்காதே! எங்கடி போறே? வெளியில கார்க்காரன் ஹாரன் அடிச்சே பேட்டரியைத் தீர்க்கப்போறான்.

உலோமா! வாசல்ல யாரு அப்படிச் சிரிக்கிறது? நீயா?

அடியே... அந்த விக்கையாவது என் கைக்கு எட்டற மாதிரி வெச்சுட்டுப் போயேன்டி!